டிஸ்ப்ளேயில் 50 என்றால் பாதி வேகமா?

“பாதிதானுங்க சார் ஓடிட்டு இருந்துச்சு. காத்து பத்தலைன்னு அறுபது வெச்சேன். இன்னும் நாப்பது மிச்சம் இருக்குதுங்களே?”

எரிந்த வார்னிஷ் வாடை அடித்துக்கொண்டிருந்த ஒரு புளோயர் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று ஆபரேட்டர் சொன்னது இது. நைட் ஷிப்டில், மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டியான ட்ரைவில் வேகத்தை 50-லிருந்து 60-க்கு ஏற்றியிருக்கிறார். விடிவதற்குள் வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், எரிந்து போய்விட்டது. அவர் அந்த எண்ணைச் சதவீதம் என்று நினைத்திருந்தார். உண்மையில் அது ஹெர்ட்ஸ், மோட்டாருக்குப் போகும் கரண்ட் நொடிக்கு எத்தனை சைக்கிள் என்ற கணக்கு. 50 என்பது பாதி இல்லை, அந்த மோட்டாருக்கு அதுதான் முழு வேகம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ட்ரைவை மாட்டியது நான். பழைய ட்ரைவ் போனபோது, உற்பத்தி நிற்கிறது என்ற அவசரத்தில், ஸ்டோரில் கிடந்த 15 கிலோவாட் ட்ரைவை எடுத்து 11 கிலோவாட் மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதிகபட்ச ஃப்ரீக்வென்சி 60 என்றே இருந்தது, குறைக்கவில்லை. கரண்ட் எவ்வளவு தாண்டினால் ட்ரைவ் தானாக நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஓவர்லோடு செட்டிங்கும் ட்ரைவின் அளவுக்கு 30 ஆம்ப்ஸில் இருந்தது. மோட்டார் நேம் பிளேட்டில் இருப்பதோ 21 ஆம்ப்ஸ்.

50-லிருந்து 60 என்றால் வேகம் 20 சதவீதம்தானே கூடுகிறது, அதற்கா மோட்டார் எரியும் என்று கேட்கலாம். புளோயரிலும் சென்ட்ரிஃபியூகல் பம்பிலும் காற்றின் அளவோ தண்ணீரின் அளவோ வேகத்தோடு சேர்ந்து கூடும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதற்குத் தேவைப்படும் பவர் கனத்தில் கூடும். 1.2 × 1.2 × 1.2 போட்டால் ஏறக்குறைய 1.73. இருபது சதவீதம் கூடுதல் காற்றுக்கு எழுபத்து மூன்று சதவீதம் கூடுதல் பவர். 17 ஆம்ப்ஸில் நிம்மதியாக ஓடிய மோட்டார் 29-ஐத் தொட்டது. ட்ரைவுக்கு 30 வரை கவலை இல்லை, அது ட்ரிப் ஆகவில்லை. காற்றைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தாங்கியது எங்கள் அதிர்ஷ்டம். சுழலும்போது அதை வெளியே இழுக்கும் விசையும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடும், அதாவது 44 சதவீதம் அதிகம்.

அன்றைக்குப் பிறகு எந்த டிஸ்ப்ளேயில் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, இது நொடிக்கா, நிமிஷத்துக்கா? ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை தடவை. ஆர்.பி.எம். என்றால் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று. ஹெர்ட்ஸை 60-ஆல் பெருக்கினால் நிமிஷக் கணக்கு, ஆர்.பி.எம்-ஐ 60-ஆல் வகுத்தால் நொடிக் கணக்கு. ரீவைண்டிங் பட்டறைகளில் பெரியவர்கள் இன்றும் “ஐம்பது சைக்கிள் கரண்ட்” என்பார்கள். முன்பு அலகின் பெயரே ‘நொடிக்கு இத்தனை சைக்கிள்’ என்றுதான் இருந்தது. ரேடியோ அலைகளைச் சோதனையில் காட்டிய ஹைன்ரிச் ஹெர்ட்ஸின் பெயரை 1960-ல் சர்வதேச அலகு முறையில் சேர்த்துக்கொண்டார்கள். விஞ்ஞானிக்கு மரியாதை சரிதான். ஆனால் ‘நொடிக்கு’ என்று பெயரிலேயே இருந்த விளக்கம் அதோடு போய்விட்டது என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

60-ஆல் பெருக்குவதோடு விஷயம் முடிவதில்லை, மோட்டாரில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிப்ளமோ முடித்துப் புதிதாக வரும் பையன்கள் சட்டென்று ஒரு கணக்குப் போடுவார்கள். இந்த மாதிரி மோட்டாரின் நேம் பிளேட்டில் 1440 ஆர்.பி.எம். என்று இருக்கும், அதை 60-ஆல் வகுத்தால் 24. “சார், சப்ளை 50 ஹெர்ட்ஸ், இங்கே 24தானே வருது, மீதி எங்கே போச்சு?” நல்ல கேள்வி. மோட்டாருக்குள் இருக்கும் காந்தத் துருவங்களின், அதாவது ‘போல்’களின், எண்ணிக்கையில் போயிருக்கிறது. கரண்ட் ஒரு சைக்கிள் முடிக்கும்போது மோட்டாருக்குள் இருக்கும் காந்தப்புலம் ஒரு ஜோடி போலைத்தான் தாண்டும். நாலு போல் மோட்டாரில் இரண்டு ஜோடி, ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு சைக்கிள் வேண்டும். நொடிக்கு 50 சைக்கிள் என்றால் 25 சுற்று, நிமிஷத்துக்கு 1500. உள்ளே சுழலும் பாகமான ரோட்டார் அந்தப் புலத்தைத் துரத்திக்கொண்டே கொஞ்சம் பின்தங்கி ஓடும், அதனால் 1440. புத்தகத்தில் வரும் 120 × ஹெர்ட்ஸ் ÷ போல் என்ற சூத்திரத்தில் அந்த 120 என்பது நிமிஷத்தின் 60 நொடியும் ஜோடியின் 2-ம் சேர்ந்ததுதான். இது புரிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆக “மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடுது” என்று நாம் சொல்லும்போது அதன் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) நொடிக்கு 24 தடவைதான் சுற்றுகிறது. ஒன்று சப்ளையின் ஹெர்ட்ஸ், இன்னொன்று ஷாஃப்டின் ஹெர்ட்ஸ். அலகு ஒன்றே, ஆள் வேறு.

இந்த வித்தியாசம் தெரியாததால் ஒரு பம்ப் ஹவுஸில் ஒரு வாரம் வீணானது. இரண்டு போல் மோட்டார், 2970 ஆர்.பி.எம்., அதிர்வு அதிகம். எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வைப்ரேஷன் ரிப்போர்ட்டில் 100 ஹெர்ட்ஸில் பெரிய பீக். ஓடும் வேகம் ‘சுமார் 50’, அதற்கு இரண்டு மடங்கு 100, அப்படியானால் அலைன்மென்ட், அதாவது மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது, சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஓடும் வேகத்தின் இரட்டிப்பில் பீக் வந்தால் முதலில் அலைன்மென்டைச் சந்தேகிப்பது வழக்கம்தான். இரண்டு தடவை அலைன் செய்து, இரண்டு தண்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கையும் மாற்றிப் பார்த்தார்கள். அதிர்வு அப்படியேதான் இருந்தது.

சுமார் என்ற சொல்லில்தான் கோளாறு. 2970-ஐ 60-ஆல் வகுத்தால் 49.5, அதன் இரட்டிப்பு 99. சப்ளையின் இரட்டிப்பு 100. முதலாவது கப்ளிங் பக்கத்துக் கோளாறு, இரண்டாவது மோட்டாருக்குள் மின் காந்தத்தால் வரும் கோளாறு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஹெர்ட்ஸ். அந்தக் கருவியில் 1000 ஹெர்ட்ஸ் வரைக்குமான வரம்பை 400 கோடுகளாகப் பிரித்து அளந்திருந்தார்கள், ஒரு கோட்டுக்கு 2.5 ஹெர்ட்ஸ். அந்தச் சல்லடையில் 99-ஐயும் 100-ஐயும் பிரிக்கவே முடியாது. 200 ஹெர்ட்ஸ் வரை 1600 கோடுகள் வைத்து மறுபடி அளந்தபோது பீக் 100-ல் உட்கார்ந்திருந்தது, 99-ல் ஒன்றுமே இல்லை. உறுதி செய்துகொள்ள ஓடும்போதே சப்ளையை ஆஃப் செய்தோம். மின்பக்கத்துக் கோளாறு என்றால் கரண்ட் நின்ற அந்தக் கணமே அதிர்வு விழ வேண்டும். விழுந்தது. மோட்டாரின் நாலு காலில் ஒன்று பேஸில் சரியாக உட்காரவில்லை, போல்ட்டை இறுக்கியதில் பாடி முறுக்கிக்கொண்டு உள்ளே ரோட்டாரைச் சுற்றியிருக்கும் இடைவெளியான ஏர் கேப் ஒரு பக்கம் குறைந்திருந்தது. அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு ஒன்று வைத்ததும் அடங்கிவிட்டது. அந்த ஷிம்மின் விலையைச் சொன்னால் கப்ளிங் வாங்கிக் கொடுத்த மேனேஜருக்குக் கோபம் வரும்.

சில கருவிகள் இதையே நிமிஷக் கணக்கில் காட்டும், 5940-ம் 6000-ம் என்று. பார்க்க அறுபது வித்தியாசம் பெரிதாகத் தெரியும், ஆனால் அது அதே ஒரு ஹெர்ட்ஸ்தான். ஒரு மாதம் ஹெர்ட்ஸிலும் அடுத்த மாதம் நிமிஷக் கணக்கிலும் ரிப்போர்ட் வாங்கி ஃபைலில் போட்டு வைப்பது மட்டும் வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வெளிநாட்டு மெஷின் வாங்குபவர்கள் நேம் பிளேட்டில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். அமெரிக்காவிலும் கொரியாவிலும் 60. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60, அதனால் அங்கிருந்து வரும் பல மோட்டார்களில் இரண்டு வேகமும் அச்சிட்டிருக்கும். 60-க்கு 1750 என்று போட்ட மோட்டார் இங்கே நேரடி சப்ளையில் 1450 பக்கம்தான் ஓடும். வோல்டேஜ் பொருந்துகிறதா என்று பார்க்காமல் கொடுத்தால் சூடும் ஏறும்.

சர்வோ மோட்டார் கேட்டலாக்கில் வேகம் ரேடியன் என்ற கோண அலகில் வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு சுற்றுக்கு 6.28 ரேடியன், 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 314. கிலோவாட்டையும் ஆர்.பி.எம்-ஐயும் வைத்து டார்க் (சுழற்றும் திறன்) கணக்குப் போடும்போது வரும் 9550-ம் இந்த 6.28-ம் 60-ம் கிலோவாட்டின் 1000-மும் சேர்ந்து பிறந்ததுதான்.

அந்த புளோயர் ட்ரைவில் இப்போது அதிகபட்சம் 50, ஓவர்லோடு 21 ஆம்ப்ஸ். டிஸ்ப்ளேயை ஆர்.பி.எம். காட்டும்படி மாற்றியாயிற்று. கீழே ஸ்டிக்கரில் ‘50 ஹெர்ட்ஸ் = 1440 = முழு வேகம்’ என்று தமிழிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். எண்ணெய்க் கை பட்டு ஆறு மாதத்தில் அழிந்துவிடும், சர்வீஸுக்குப் போகும்போது புதிதாக ஒட்டிவிட்டு வருவேன்.