ஒரே மரத்தில் எத்தனை முறை ஏறுவது?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் எழுதப்படும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று வரிக்கு ஒரு விற்பனை இருக்கும். படகின் உரிமையாளர் பெயரும் ஊரும் தனிப் பட்டியலில் இருக்கும். இவை எக்ஸ்எம்எல் வடிவில், அதாவது தரவுகளைக் குறிச்சொற்களுக்குள் அடுக்கி எழுதும் வடிவில் இருந்தால், அவற்றை இணையப் பக்கம் போன்ற வேறு வடிவங்களுக்கு மாற்றுவதற்கென்றே உள்ள மொழி எக்ஸ்எஸ்எல்டி. அதன் முதல் பதிப்பான 1.0ஐ, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999 நவம்பரில் வெளியிட்டது.

எக்ஸ்எஸ்எல்டி செயலி, அதாவது இந்த மாற்றத்தைச் செய்யும் மென்பொருள், பொதுவாகக் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஒரு மரமாக விரித்துக்கொண்டு, வேரிலிருந்து கிளை கிளையாக இறங்கி, அந்தந்தக் கணுவுக்கு (மரத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு கணு) பொருந்தும் டெம்ப்ளேட்டை, அதாவது மாற்ற விதியை, இயக்குகிறது. மரத்தை ஒருமுறை சுற்றி வருவது அதற்குப் பெரிய வேலையே அல்ல. பக்கம் தாமதமாக வருகிறதென்றால், பெரும்பாலும் இந்த டெம்ப்ளேட்டுகள் அடங்கிய ஸ்டைல்ஷீட்டை எழுதியவர் அதே மரத்தில் செயலியைத் திரும்பத் திரும்ப ஏறவைக்கிறார் என்று பொருள்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது "//" என்ற இரட்டைச் சாய்கோடு. ஒரு கணுவைச் சென்றடையும் பாதையின் தொடக்கத்தில் அதை எழுதினால், மரத்தின் எல்லாக் கணுக்களையும் பார் என்று சொல்வதாகும். புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள ஒரு வீட்டுக்காக முத்தியால்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டை வரை கதவு கதவாகத் தட்டுவது போன்றது அது. பாதை தெரிந்திருந்தால் அதை முழுதாக எழுதிவிடுவதே நல்லது. சில செயலிகள் இத்தகைய இடங்களைத் தாமே சீர்செய்துகொள்ளும் என்பது உண்மைதான். அதை நம்பி எழுதுவதை நான் விரும்புவதில்லை.

இதைவிடப் பெரிய செலவு ஒப்பிட்டுத் தேடுவதில் இருக்கிறது. விற்பனை வரிகள் 4,000, படகுகள் 600 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வரிக்கும் படகுப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கும் ஸ்டைல்ஷீட் 24 லட்சம் ஒப்பீடுகளைச் செய்யும். இதற்கு மருந்து 'கீ'. படகு எண்ணைக் கொண்டு ஒரு கீயை அறிவித்துவிட்டால், செயலி பட்டியலை ஒரே ஒரு முறை படித்து அகரவரிசைக் குறிப்பேடு போன்ற ஒன்றை அமைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் நேராக உரிய படகிடமே சென்றுவிடும்.

வஞ்சிரம், சங்கரா என்று மீன்வாரியாகத் தொகுக்கும்போதும் இதே சிக்கல்தான். 1.0 பதிப்பில் தொகுப்பதற்கென்று தனிக் கட்டளை இல்லாததால், 'இந்த மீன் இதற்கு முன் வந்திருக்கிறதா?' என்று ஒவ்வொரு வரியிலும் பின்னோக்கிப் பார்ப்பார்கள். 4,000 வரிகளுக்கு அது ஏறத்தாழ 80 லட்சம் ஒப்பீடுகள்வரை போகக்கூடும். கீயைக் கொண்டே இதைச் சுருக்கமாக முடிக்கும் உத்தியை ஸ்டீவ் மூயென்ச் என்ற நிரலாளர் பரப்பினார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 2007இல் வந்த 2.0 பதிப்பு தொகுப்புக் கட்டளையையே தந்துவிட்டது. ஆனால் உலாவிகளுக்குள் அமைந்தது 1.0 மட்டுமே என்பதால், மாற்றத்தை உலாவியிடமே விடுபவர் மூயென்ச் முறையைக் கற்றுத்தான் ஆகவேண்டும்.

கீயிலும் ஒரு கண்ணி உண்டு. படகுப் பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்து நான் முதன்முதலில் எழுதிப் பார்த்தபோது, பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் உரிமையாளர் பத்தி முழுவதும் வெறுமையாக வந்தது. ஒரு மாலைப்பொழுது அதிலேயே போயிற்று. 1.0 பதிப்பில் கீ, நடப்புக் கணு இருக்கும் மரத்துக்குள் மட்டுமே தேடும். ஆகவே படகு எண்ணை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ஃபார்-ஈச் கட்டளையால் படகுக் கோப்பின் வேருக்குத் தாவி, அங்கிருந்து கீயை அழைக்க வேண்டும். 2.0 பதிப்பில் எந்த மரத்தில் தேடவேண்டும் என்பதை மூன்றாவது உள்ளீடாகவே கொடுத்துவிடலாம்.