விரலளவு டீசலுக்கு எதற்குக் கார்புரேட்டர்?

கானாடுகாத்தானில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி, பெட்டகத்தில் கிடந்த குட்டி இன்ஜினை எடுத்துவந்து கேட்டாள். "சார், இது டீசல் இன்ஜின்னு எங்க ஐயா சொல்லுவாக. ஆனா இன்ஜெக்டரைக் காணோம், கார்புரேட்டர் இருக்கே?"

மாடல் விமானத்துக்கான 1.5 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அது. வழக்கமான டீசலில் எரிபொருளைப் பம்பு அழுத்த, இன்ஜெக்டர் அதை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 160 தடவைக்கு மேல் எரிபொருள் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு கன மில்லிமீட்டர்கூடத் தேவைப்படாது. இவ்வளவு சிறிய பம்பு செய்வது பெரும்பாடு. அதனால் கார்புரேட்டர் வைத்து, வெளியிலேயே காற்றோடு கலந்து உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். தீப்பொறி இல்லாமல், அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே பற்றுவதால் டீசல் என்று பெயர். பங்க் டீசல் இதற்கு ஆகாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சமபங்கு. ஈதர் சுமார் 160 டிகிரியிலேயே தானாகப் பற்றும். மண்ணெண்ணெயோடு லேசில் சேராத விளக்கெண்ணெயைச் சேர்த்து வைப்பதும் அதுதான்.

சரி, வேகத்தை எப்படிக் குறைப்பது? பழைய மாடல்கள் பலவற்றில் அதற்கு வழியே இல்லை. எண்ணெய் தீரும்வரை முழு வேகம்தான். இவள் கொண்டுவந்ததில் திராட்டில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

குறுக்கே துளையிட்ட ஒரு சின்ன உருளை. துளை வழியாகக் காற்று பாயும். நடுவிலுள்ள மெல்லிய குழாயிலிருந்து எரிபொருளை இழுக்கும். உருளையைத் திருப்பினால் வழி குறுகும், காற்று குறையும். எரிபொருளும் அதே அளவு குறையும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. வாசலை அடைத்ததும் இன்ஜினின் உறிஞ்சல் முழுவதும் அந்தக் குழாய் வாயில் விழுகிறது. காற்று குறைந்த அளவுக்கு எரிபொருள் குறைவதில்லை. கலவை ரிச் ஆகி, அதாவது எரிபொருள் மிகுந்து, புகைந்து, இருமி நின்றுவிடும்.

இதற்கு மருந்து, முன்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை. உருளை மூடிவரும்போது மட்டும் அது வேலைக்கு வரும். வெளிக்காற்று அந்த வழியே புகுந்து உறிஞ்சலைத் தளர்த்தும். எவ்வளவு காற்று என்பதை ஒரு ஸ்க்ரூ தீர்மானிக்கும். பழைய பைக்கில் மெக்கானிக் ஏர் ஸ்க்ரூ திருகி ஸ்லோ வைப்பாரே, அதே கதைதான். ஸ்லோவிலிருந்து திடீரென்று திறக்கும்போது புகையோடு தடுமாறினால் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும்; புகையே இல்லாமல் பட்டென்று நின்றால் இறுக்க வேண்டும்.

இன்னொரு அழகும் உண்டு. கலவை குறைவாகப் போனால் உள்ளே அழுத்தம் குறைந்து, பற்றுவது தாமதமாகும். ஆனால் வேகமும் குறைந்திருப்பதால் பற்றுவதற்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. எவ்வளவு அமுக்குவது என்ற ஒரே கம்ப்ரெஷன் அமைப்பு முழு வேகம், ஸ்லோ இரண்டுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போவது இதனால்தான்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஓர் இன்ஜினைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் பள்ளியை முடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கு ஒரு பழைய இன்ஜினும் நான்கு ஸ்பேனரும் வாங்கப் பெரிய நிதி வேண்டியதில்லை.

ஈதர் ஆபத்தானது, அதனால் திறந்த வளவில் வைத்து ஓட்டினோம். முழு வேகத்தில் பாடியது; குறைத்ததும் நின்றது. நான்கு தடவையும் அப்படியே. அப்புறம் அவளே லென்ஸ் வைத்துப் பார்த்தாள். காற்று ஓட்டையில் காய்ந்த விளக்கெண்ணெய் பழுப்புப் பிசினாக அடைத்திருந்தது. ஒயரின் ஒற்றைச் செம்பு இழையால் குத்தி எடுத்தாள். அடுத்த தடவை திராட்டிலைக் குறைத்தபோது, ஆத்தங்குடிக் கல்லில் கருப்பாக எண்ணெய் சொட்ட, இன்ஜின் நிற்காமல் ஸ்லோவில் ஓடியது.