சுற்றினால் எடை வருமா? பாபிலோன் 5 நிலையத்தின் கணக்கு

விண்வெளிக் கதை எடுக்கிறவர்களுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. நடிகர்கள் நடப்பது பூமியில் போட்ட செட்டில், கதை நடப்பதோ விண்வெளியில். எல்லோரையும் கம்பி கட்டி மிதக்கவிட்டால் பட்ஜெட் தாங்காது. அதனால் பெரும்பாலான தொடர்களில், தரைக்கு அடியில் ஏதோ ஒரு ஈர்ப்புக் கருவி ஓடுவதாக ஒரு வரி வசனம் பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்கக் கூடாது, ஏனென்றால் நமக்குத் தெரிந்த இயற்பியலில் அப்படி ஒன்று கிடையாது.

பாபிலோன் 5 இந்த இடத்தில் ஏமாற்றவில்லை. 1993-ல் முன்னோட்டப் படமாக வந்து, 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன் ஓடிய அமெரிக்கத் தொடர். உருவாக்கியவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. கதை முழுக்க ஒரே ஒரு விண்வெளி நிலையத்தைச் சுற்றித்தான்: ஐந்து மைல் நீளமான உருளை, அதாவது 8 கிலோமீட்டர், கிருஷ்ணகிரி டவுனில் தொடங்கினால் கிட்டத்தட்ட கே.ஆர்.பி. அணை வரைக்கும் வரும். உள்ளே மனிதர்களும் வேற்றுக் கிரகத்தாருமாக இரண்டரை லட்சம் பேர். மந்திரக் கருவி எதுவும் இல்லை, உருளையே சுற்றுகிறது, அவ்வளவுதான். இந்த யோசனையும் தொடருக்காகக் கற்பனை செய்தது அல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் 1974-லேயே, சுழலும் பெரிய உருளைகளுக்குள் மனிதர்களைக் குடியேற்றலாம் என்று கணக்கோடு எழுதியவர்.

சரி, சுற்றினால் எப்படி எடை வரும்?

மாங்கனிக் கண்காட்சித் திடலில் நான் பார்த்த மரணக் கிணற்றை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். பலகைகளை நிறுத்திக் கட்டிய பெரிய வட்டத் தொட்டி, மேலே நின்று எட்டிப் பார்க்கும் நம் காலடியில் பலகை தடதடவென்று அதிரும், பைக்காரர் செங்குத்துச் சுவரில் படுக்கைவாட்டில் சுற்றிக்கொண்டே, கைப்பிடியை விட்டுவிட்டு, யாரோ நீட்டும் பத்து ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு போவார். பைக்கின் ஆசை நேராகப் போவது. சுவர் குறுக்கே வந்து அதை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. அப்படிச் சுவர் தள்ளுவதைத்தான் பைக்காரரின் உடம்பு எடையாக உணர்கிறது. பூமி கீழே இழுப்பதும் அங்கே இருக்கிறது, அதை டயரின் உராய்வு சமாளிக்கிறது. விண்வெளியில் அந்தக் கீழ்நோக்கிய இழுப்பு தெரியாது. அதோடு, நீங்கள் ஓட வேண்டியதில்லை, கிணறே உங்களைச் சுமந்துகொண்டு சுற்றும். சுவர்தான் தரை. நீங்கள் அதில் நின்றுகொண்டு டீ குடிக்கலாம். ஒருமுறை சுற்றிவிட்டால் தடுக்க வெளியே காற்று இல்லை என்பதால், எரிபொருள் செலவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பது ஆரத்தைப் பொறுத்தது. நிலையத்தின் ஆரம் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூமியில் இருக்கும் அதே எடை வேண்டுமென்றால் 40 வினாடிக்கு ஒரு சுற்று போதும். கேட்க மெதுவாகத் தெரிகிறது, ஆனால் அந்த நேரத்தில் தரை கடக்கும் தூரம் இரண்டரை கிலோமீட்டர், அதாவது மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேகம். மையத்தை நெருங்க நெருங்க எடை குறையும், பாதி உயரத்தில் பாதி எடை, நட்ட நடுவில் எதுவுமே இல்லை. கப்பல்கள் அந்த நடு அச்சு வழியாகவே நிலையத்துக்குள் நுழைவதாகத் தொடரில் காட்டுவது சும்மா அழகுக்காக அல்ல. சுவர்ப்பக்கம் கதவு வைத்தால், பறந்துகொண்டிருக்கும் கதவைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தொடரை என்னோடு உட்கார்ந்து பார்த்த அக்கா பையன், தர்மபுரியில் பன்னிரண்டாவது படிக்கிறவன், நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "மாமா, அங்க இழுக்கறதுக்கே ஒண்ணும் இல்லைன்னா, கையில இருக்கற மாங்காயை விட்டா அது ஏன் கீழ விழணும்? அப்படியே நிக்கணும்ல?"

நிற்காது. ஆனால் விழவும் விழாது என்பதுதான் வேடிக்கை. கையில் இருக்கும்போதே அந்தப் பெங்களூரா மாங்காய் உங்களோடு சேர்ந்து மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. விட்டவுடன் அதை வளைக்க ஆள் இல்லை, நேர்கோட்டில் போகிறது. தரையோ வட்டமாக வளைந்து மேலே ஏறி வருகிறது, வந்து மாங்காயில் மோதுகிறது. கூடவே சுற்றிக்கொண்டிருக்கும் உங்கள் கண்ணுக்கு மாங்காய் விழுந்த மாதிரி தெரியும்.

மாங்காய் நேராகக் காலடியிலும் விழாது. கை இருந்த உயரத்தில் சுற்றும் வேகம் தரையின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட மாங்காய் 400 மீட்டர் ஆரமுள்ள நிலையத்தில் சுமார் 13 சென்டிமீட்டர் பின்தங்கி விழும். அதையே 20 மீட்டர் ஆரமுள்ள சின்ன நிலையத்தில் செய்தால் இரண்டடிக்கும் மேலே தள்ளி விழும். கொரியோலிஸ் விளைவு என்று பாடப் புத்தகத்தில் வருவது இதுதான். மாங்காய்க்கு நடப்பதுதான் காதுக்குள் சமநிலை பார்க்கும் திரவத்துக்கும் நடக்கும், தலையைச் சட்டென்று திருப்பினால் உலகமே சாயும், குமட்டும். சுழலும் அறைகளில் ஆட்களை வைத்துப் பூமியிலேயே செய்து பார்த்த சோதனைகளின்படி, நிமிடத்துக்கு இரண்டு சுற்று வரை பெரும்பாலானவர்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. அந்த வேகத்தில் முழு எடை கிடைக்க ஆரம் 224 மீட்டராவது வேண்டும். நமக்குச் சுழலும் நிலையம் இன்னும் கிடைக்காததற்கு இந்த எண் ஒரு பெரிய காரணம், இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தின் மொத்த நீளமே 109 மீட்டர்தான்.

இன்னொரு கூத்து ஓட்டப்பயிற்சி. நிலையம் சுற்றும் திசையிலேயே வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால் 60 கிலோ ஆள் 70 கிலோவாக உணர்வார், எதிர்த்திசையில் ஓடினால் 51 கிலோ. எடை குறைக்க இதைவிடச் சோம்பேறித்தனமான வழி எனக்குத் தெரியவில்லை.

தொடரில் எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் காட்சி இரண்டாவது சீசனின் கடைசிப் பகுதியில் வருகிறது. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நிலையத்தின் நடு அச்சில் ஓடும் ரயில் பெட்டியில் குண்டு இருக்கிறது, கேப்டன் ஷெரிடன் வெளியே குதிக்கிறார். வேறு தொடராக இருந்தால் தொப்பென்று விழுந்திருப்பார். இங்கே அச்சில் எடையே இல்லை, குதித்த வேகத்தோடு மெதுவாக மிதந்து போகிறார், பார்க்கச் சாதுவாக இருக்கிறது. ஆபத்து அவருடைய வேகத்தில் இல்லை, தரையின் வேகத்தில் இருக்கிறது. நம் 400 மீட்டர் கணக்குப்படி காற்றே இல்லாவிட்டால் 225 கிலோமீட்டர் வேகத்தில் தோட்டமும் கட்டடமும் பக்கவாட்டில் வந்து அடிக்கும். காற்று இருப்பதால் அது நிலையத்தோடு சேர்ந்து சுற்றி அவரையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும், அதில் அடி சற்றுக் குறையலாம், ஆனால் ஆள் பிழைக்க அது போதாது. அவரைக் காப்பாற்றுவது இயற்பியல் அல்ல, கோஷ் என்கிற வேற்றுக் கிரகத் தூதர்.

ஸ்டார்ஃபியூரி என்னும் சண்டை விமானங்கள் புறப்படும் விதமும் இதே கணக்குதான். சுவரில் மாட்டியிருக்கும் விமானத்தின் பிடியை விட்டால் போதும், நிலையத்தின் சுழற்சியே அதை வெளியே வீசிவிடுகிறது. பறக்கும்போது முன்னால் போய்க்கொண்டே மூக்கைப் பின்னால் திருப்பிச் சுடும், காற்றில்லாத இடத்தில் அது சாத்தியம்தான். மனிதர்களின் பழைய போர்க்கப்பல்களில் சுழலும் பகுதி இல்லை, ஆட்கள் பெல்ட் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள். மின்பாரி போன்ற முன்னேறிய இனங்களுக்கு மட்டும் அந்தப் பழைய மந்திரக் கருவி உண்டு, அதைச் சலுகையாக விட்டுவிடலாம்.

நிஜத்தில் யாரும் முயலவில்லையா என்றால், 1966 செப்டம்பரில் ஜெமினி 11 விண்கலத்தை 30 மீட்டர் கயிற்றால் அஜீனா ராக்கெட்டோடு கட்டி மெதுவாகச் சுற்ற வைத்தார்கள். பொருட்கள் லேசாக ஒரு பக்கம் நகரும் அளவுக்குத்தான் எடை வந்தது. ஜப்பான் 2016-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சின்னச் சுழல் கருவிக்குள் எலிகளை வைத்துப் பூமி அளவு எடை கொடுத்துப் பார்த்தது. மனிதர்களுக்கு இன்னும் அந்த வசதி இல்லை. மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்கு இடுப்பெலும்பு கரையும் ஆபத்து இருப்பதால் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்து தடுக்கப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க வர்ணனையில் நிலையத்தின் எடை 25 லட்சம் டன் என்று கம்பீரமாகச் சொல்வார்கள். 8 கிலோமீட்டரில் பாதி நீளம்தான் காற்று நிறைந்த வெளி என்று வைத்து, அதே 400 மீட்டர் ஆரத்தில் கணக்குப் போட்டேன். உள்ளே இருக்கும் காற்று மட்டுமே 24 லட்சம் டன் வருகிறது. மிச்சம் ஒரு லட்சம் டன். அதில்தான் சுவர், தரை, தோட்டம், ரயில், பீரங்கி எல்லாம் அடங்க வேண்டும், இரண்டரை லட்சம் பேரின் உடம்பு எடையே 15 ஆயிரம் டன் ஆகிவிடுகிறது.