ரிமோட் படகை வீட்டில் ஒட்டுகிறவர்களுக்கு, ஒரு ஃபைபர் பட்டறையிலிருந்து

கிருஷ்ணகிரியில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி, கதவு, பைக் முகப்பு என்று வருகிற வேலைகளுக்கு நடுவே இப்போது ரிமோட் படகுகளும் வருகின்றன. நம் மாவட்டத்து ஏரிக்கரைகளில் பாறைக்குப் பஞ்சமில்லை. வேகமாக வரும் படகு தண்ணீருக்குள் மறைந்திருக்கும் கல்லில் ஏறினால் அடிப்பாகம்தான் முதலில் போகும்.

வருகிற படகுகளில் பெரும்பாலானவை வீட்டில் ஏற்கெனவே ஒட்டிப் பார்த்தவை. "அண்ணா, சூப்பர் க்ளூ போட்டு மேல பட்டியும் பூசினேன், மறுபடி தண்ணி ஏறுது" என்பார்கள். ஏறத்தான் செய்யும். ஃபைபர் உடலுக்குப் பலம் தருவது கண்ணாடி நார். ரெசின் அதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். விரிசலில் அறுந்திருப்பது நார். வெளியே எவ்வளவு பூசினாலும் அறுந்த நார் சேராது. கார் பட்டியோ ஈரத்தை உறிஞ்சும், தண்ணீருக்கடியில் நிற்காது.

படகை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடிபட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாக, நட்சத்திரம் மாதிரி பூத்திருந்தால் அங்கே நாரை விட்டு ரெசின் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். கண்ணுக்குத் தெரிகிற விரிசலைவிட பாதிப்பு பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.

ஒட்டும் முன் பொருள் எதுவென்று பார்க்க வேண்டும். உட்பக்கம் மறைவான இடத்தில் பஞ்சில் அசிட்டோன் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அநேகமாக ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதன்மேல் பட்டறைகளில் வழக்கமாகப் போடுகிற பாலியஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது, எப்பாக்சி என்ற இன்னொரு வகை ரெசின்தான் வேண்டும். ஃபைபர் உடலுக்கும் எப்பாக்சி நன்றாகவே பிடிக்கும். ஆனால் எப்பாக்சி போட்ட இடத்தின்மேல் பிறகு பாலியஸ்டர் பூசினால் உரிந்து வரும். எப்பாக்சியோடு நெய்த கண்ணாடித் துணியைப் போடுங்கள். பட்டறைகளில் பாலியஸ்டருக்குப் போடுகிற மேட், அதாவது நெய்யாமல் துண்டு நார்களை ஒட்டிச் செய்த விரிப்பு, எப்பாக்சியில் சரியாக இளகாது.

முதலில் பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். நனைந்தோ உப்பியோ இருந்தால் சார்ஜ் போடவே கூடாது. விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டால் விரிசல் மேற்கொண்டு நீளாது. உட்பக்கம் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, துணியை இரண்டு அடுக்காக ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் பிரஷ்ஷால் குத்திவிடுங்கள். வெளிப்பக்கம் பள்ளத்தை மட்டும் நிரப்பி, வாட்டர் பேப்பரால் சமமாக்கினால் போதும். பின்பக்கக் கீழ் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். தேய்த்து உருட்டிவிட்டால் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வேகம் குறையும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே ஹார்ட்னருக்காகத்தான். பாலியஸ்டர் ரெசினை இறுக வைக்க அதோடு தருகிற அந்தத் திரவம் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சின்ன பாட்டிலை அழுத்தும்போதும், சிரிஞ்சில் அளக்கும்போதும் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் அந்த நொடியே குழாயடியில் இமையை விரித்துப் பிடித்து குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, அப்புறம் கண் மருத்துவரிடம் ஓடுங்கள். கழுவாமல் ஓடாதீர்கள். தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கிற ஊதா நிற கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர், அதுவும் 100 கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம்தான். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினையே கேட்டு வாங்குங்கள். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கப்பில் மீந்தது சூடேறிப் புகையும். ஆறும்வரை வெளியே தரையில் வையுங்கள், குப்பைக்கூடையில் போடாதீர்கள். நாரைத் தேய்க்கும்போது ஈரமாகத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

காய்ந்ததும் பக்கெட்டிலோ தொட்டியிலோ எடை வைத்து அரை மணி நேரம் மிதக்கவிட்டு, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ஒழுகுகிற படகு நடுத்தண்ணீரில் நிற்கும், உடனே யாராவது நீந்திப் போவார்கள். கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளில் கரையிலிருந்தே செங்குத்தாக ஆழம், கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. படகுக்குள் மிதவை ஃபோம் வைத்தால் மூழ்காது. தெர்மாகோல் என்றால் ரெசின் முழுக்கக் காய்ந்த பிறகு வையுங்கள், ஈரமான பாலியஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும். தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்து கட்டி எடுத்துப் போங்கள். நின்றுபோன படகைத் தாண்டி எறிந்து, நரம்பு அதில் மாட்டும்படி மெல்ல இழுத்தால் கரைக்கு வந்துவிடும். மாட்டவில்லையா, காற்று ஒதுக்கும்வரை காத்திருங்கள், தண்ணீரில் இறங்க வேண்டாம்.