மார்க்கர்: குறிப்பானா, அடையாளமா?

பாளையங்கோட்டையில் விலங்கியல் படிக்கும் என் அக்காள் மகள், எலிக்குட்டியின் உமிழ்நீர்ச் சுரப்பி பற்றித் தமிழில் எழுதிக் காட்டினாள். ஒரு செல் எந்த வகை என்று காட்டிக்கொடுக்கும் புரதத்துக்கு ஆங்கிலத்தில் ‘புரோட்டீன் மார்க்கர்’ என்று பெயர். அது வரவேண்டிய இடமெல்லாம் ‘புரதக் குறிப்பான்’. “அகராதியில் அப்படித்தான் இருக்கிறது மாமா” என்றாள். இருக்கட்டும். எனக்குத்தான் உறுத்தியது.

‘மார்க்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதிப் பொருள் எல்லை. டென்மார்க் நாட்டின் பெயரில் அந்த எல்லை இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லையைக் காட்டும் அடையாளமாகி, பிறகு எந்த அடையாளத்துக்கும் பொதுவாகி, கடைசியில் பலகையில் எழுதும் பேனா வரை வந்துவிட்டது. நம் ‘குறி’ போன வழி வேறு. திருக்குறளில் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று அரசவை, மற்றொன்று காதல். இரண்டிலும் குறிப்பு என்பது உள்ளே இருப்பது முகத்திலும் கண்ணிலும் கசிந்து தெரிவதுதான். யாரும் வெளியிலிருந்து இட்டதல்ல.

‘குறிப்பான்’ என்றதும் எனக்குச் சேங்கொட்டைதான் நினைவுக்கு வருகிறது. துணி வெளுப்பவர்கள் அதன் சாற்றால் ஓரத்தில் ஒரு குறி இடுவார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். தாமிரபரணியில் எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாது. ஆனால் அந்தக் குறிக்கும் துணியின் நெசவுக்கும் சம்பந்தமில்லை. உடன்குடிப் பக்கத்துப் பனையேறியின் நெஞ்சில் இருக்கும் காய்ப்பு அப்படியா? அது தொழிலே உடம்பில் எழுதியது.

எலியின் செல்லிலும் இந்தக் காய்ப்பின் கதைதான். எலி சுமார் 22 நாள் கருச்சுமக்கும். குட்டி பிறக்கும் தறுவாயில் கீழ்த்தாடைச் சுரப்பியில் முதல் வகை, மூன்றாம் வகை என்று இரண்டு சுரப்புச் செல்கள் தெரியும். முதல் வகை ‘சி’ என்ற புரதத்தைச் சுரக்கும். மூன்றாம் வகை ‘பி1’ புரதத்தை. சுரப்பி முதிர முதிர இவை மங்கி, குளுட்டமின் என்ற அமினோ அமிலம் மிகுந்த வேறொரு புரதம் மேலோங்கும். செல் தான் செய்யும் வேலையாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. வளர்ந்த எலியில் சுரப்பு நுனிக்கும் பெருங்குழாய்க்கும் இடைப்பட்ட சிறு குழாயில் சில செல்கள் மட்டும் பழைய புரதத்தை விடாமல் வைத்திருக்கும். பனையேற்றத்தை விட்ட பின்னும் மறையாத காய்ப்பு மாதிரி.

இந்தப் புரதம் வெறுங்கண்ணுக்கும் தெரியாது, சும்மா நுண்ணோக்கியில் வைத்தாலும் தெரியாது. அதை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) மெல்லிய திசுச் சீவலின் மேல் விடுவார்கள். பிறகு அந்த எதிர்ப்பொருளோடு இணைத்த நொதி சாயத்தைப் பழுப்பாக்கும். கருப்பட்டித் தூளைத் தூவியதுபோல், செல்லின் ஒரு பக்கமாகப் புள்ளிகள் ஒதுங்கி நிற்கும்.

‘அடையாளப் புரதம்’ என்று எழுதச் சொன்னேன். ‘குறிப்பு’ இன்னும் பொருத்தம்தான், ஆனால் இன்று அது நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டது. அவள் எல்லா இடத்திலும் மாற்றினாள். ஓர் இடத்தைத் தவிர. பழுப்புச் சாயம் ஏற்றும் அந்த எதிர்ப்பொருளை மட்டும் ‘குறிப்பான்’ என்றே விட்டிருந்தாள்.