கட்டத்துக்குள் ஒரு நாய்ப்பல்

'கட்டம் போட்ட சட்டை' என்று நாம் சொல்லி முடித்துவிடுவதை ஆங்கிலம் பேசுகிறவர்கள் கிங்கம், டார்ட்டன், ஹவுண்ட்ஸ்டூத் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜவுளிக்கடைக்காரர்களின் பந்தா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். துணியைக் கண்ணருகே வைத்து இழை எண்ணிப் பார்த்த பிறகு மனசு மாறிவிட்டது.

கிங்கம்தான் இருப்பதிலேயே எளிது. பாவிலும் (நீளவாக்கில் ஓடும் இழைகள்) ஊடையிலும் (குறுக்கே ஓடும் இழைகள்) சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் சம அகலத்தில் மாறி மாறி வரும். நெசவும் சாதாதான்: ஓர் இழைக்கு மேல், அடுத்த இழைக்குக் கீழ். சிவப்பும் சிவப்பும் சந்திக்கிற கட்டம் சிவப்பு, வெள்ளையும் வெள்ளையும் சந்தித்தால் வெள்ளை. சரி, சிவப்பும் வெள்ளையும் சந்தித்தால்? ரோஸ். ஆனால் அந்தத் துணியில் ரோஸ் நூல் மருந்துக்குக்கூட இல்லை. இழைக்கு இழை இரண்டு நிறமும் மாறி மாறி மேலே வருவதால், கொஞ்சம் தள்ளி நின்றால் கண்ணே கலந்துவிடுகிறது. துணியில் சரிபாதி இந்தப் பொய் ரோஸ்தான்.

இப்போது பாவிலும் ஊடையிலும் 4 கறுப்பு, 4 வெள்ளை என்று இழைகளை வைத்துக்கொண்டு நெசவை மாற்றுவோம். ஊடை இரண்டு இழைக்கு மேல், இரண்டு இழைக்குக் கீழ் போகட்டும். அடுத்த வரியில் ஓர் இழை தள்ளித் தொடங்கட்டும். ஜீன்ஸ் துணியில் சாய்வாக ஓடும் வரி இந்த வகை நெசவில் வருவதுதான். ட்வில் என்பார்கள். இனி கலப்புக் கட்டம் ஒரே சாம்பலாகத் தெரியாது. கறுப்பும் வெள்ளையும் சாய்ந்த பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். கறுப்புப் பட்டை பக்கத்துக் கறுப்புக் கட்டத்தோடு போய் ஒட்டிக்கொள்ள, சதுரத்தின் மூலையில் கூராக ஒன்று முளைக்கும். இதுதான் ஹவுண்ட்ஸ்டூத், வேட்டைநாயின் பல். அந்தப் பல்லை யாரும் வரையவில்லை, அச்சடிக்கவில்லை. நான்குக்குப் பதில் நாற்பது நாற்பது இழையாகப் போட்டுப் பாருங்கள்: பெரிய கட்டம் கிடைக்கும், பல் போய்விடும், ஓரம் மட்டும் அரம் போலிருக்கும்.

ஸ்காட்லாந்தின் டார்ட்டனும் பெரும்பாலும் இதே ட்வில்தான், நிறங்கள் மட்டும் கூடுதல். 3 நிற நூல் இருந்தால் துணியில் 6 நிறம் தெரியும்: சொந்த நிறம் மூன்று, இரண்டிரண்டாகக் கலந்தது மூன்று. 6 நிற நூலுக்கு 21. சாயச் செலவு எவ்வளவு மிச்சம்! ட்வில்லின் சாய்வைக் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் ஹெரிங்போன், அதாவது மீன் முள்.

சீர்சக்கர் என்ற துணியின் கதை வேறு. அங்கே வேலை செய்வது நிறமல்ல, இழுவிசை. பாவில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி, அடுத்த பட்டையைத் தளர்வாக விட்டு நெய்வார்கள். தளர்ந்த பட்டை சுருங்கிச் சுருங்கி மேடாகும். அதனால் துணி உடம்போடு ஒட்டாது, இடையில் காற்று புகும், இஸ்திரியும் தேவையில்லை. பெயர் 'ஷீர் ஓ ஷக்கர்' என்ற பாரசீகத் தொடரிலிருந்து வந்தது. பாலும் சர்க்கரையும் என்று பொருள்: வழவழப்பான பட்டை பால், சொரசொரப்பான பட்டை சர்க்கரை. நம் ஊர்க் கட்டம் போட்ட சேலைக்குப் 'பாலும் பழமும்' என்று பெயர் வைத்தவரும் சீர்சக்கருக்குப் பெயர் வைத்தவரைப் போலவே பசியோடு தறியில் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.