திரையில் தெரியும் எண்ணை எழுதுவது யார்?

துபாயில் மகன், சிங்கப்பூரில் மருமகன் என்று இருக்கும் குடும்பங்கள் மேலூர், சிவகங்கை, திருப்பத்தூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. ‘வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதே’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இங்கே எடுபடாது. +971 அமீரகம், +65 சிங்கப்பூர், +60 மலேசியா, +94 இலங்கை. இவற்றை மறித்தால் வீட்டு ஆளையே மறித்ததாகிவிடும். தொல்லை அழைப்பு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரிந்தால்தான் அதை எங்கே அடைப்பது என்று முடிவு செய்யலாம்.

திரையில் தெரியும் எண் நம் போன் கண்டுபிடித்ததல்ல. அழைப்பு புறப்படும் நெட்வொர்க் அதை ஒரு தகவலாகச் சேர்த்து அனுப்புகிறது. வழியில் இருக்கும் நெட்வொர்க்குகள் அப்படியே கைமாற்றிவிடுகின்றன. கூரியர் உறையில் அனுப்புநர் முகவரியை அனுப்புகிறவரே எழுதுவது போலத்தான். தொலைபேசி நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலத்தில் ஒன்றையொன்று நம்பின, சிக்கல் இல்லை. இன்று இணையம் வழியாகக் குரல் அனுப்பும் மென்பொருளில் அழைப்பவர் எண்ணுக்கான கட்டத்தில் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். சோதிக்காமல் அதை அடுத்த நாட்டுக்குத் தள்ளிவிடும் ஒரு மலிவான இடைத்தரகு நிறுவனம் கிடைத்தால் போதும்.

இந்த ஓட்டை வழியாகத்தான் மோசடிக்காரர்கள் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு +91 எண்ணைக் காட்டி ‘போலீஸ் பேசுகிறோம்’ என்று மிரட்டினார்கள். வெளிநாட்டு அழைப்புகள் நம் நாட்டுக்குள் நுழையும் வாசலில் வந்து நிற்கும் +91 அழைப்பையெல்லாம் வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்ட முடியாது. இங்குள்ள சிம்மோடு கோலாலம்பூர் போனவர் அங்கிருந்து வீட்டுக்குப் பேசினாலும் அது +91 ஆகத்தான் வெளிநாட்டு வாசல் வழியாக வரும். ஆகவே அழைப்பு நுழையும் இடத்திலேயே, இந்த எண் இப்போது நிஜமாகவே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறதா என்று அந்த எண்ணுக்குரிய நிறுவனத்திடம் கேட்டாக வேண்டும். ‘இல்லை, சிம் உசிலம்பட்டி டவரில் இருக்கிறது’ என்று பதில் வந்தால் அழைப்பு போலி. முதலில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எண்களுக்கு மட்டும் இதைச் செய்தது. பிறகு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான மைய ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. லேண்ட்லைனுக்கு இவ்வளவு விசாரணைகூட வேண்டாம். 0452 என்ற மதுரை எண் ரோமிங் போகாது. வெளிநாட்டிலிருந்து +91 452 என்று வந்தால் ஏமாற்று என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கதவு ஒடுங்கியதும், மோசடிக்காரர்கள் வெளிநாட்டு எண்ணையே காட்டி அழைக்க மாறிவிட்டார்கள். +84 வியட்நாம், +86 சீனா, +855 கம்போடியா, +856 லாவோஸ், +92 பாகிஸ்தான் என்று திரையில் வரும். அழைப்பு அந்த நாட்டிலிருந்துதான் வந்தது என்பதற்கு இது சான்றல்ல. +89 என்று ஆரம்பிக்கும் எண்களும் வருகின்றன. அப்படிக் குறியீடு எந்த நாட்டுக்கும் ஒதுக்கப்படவே இல்லை.

ஒரே ஒரு மணி அடித்துவிட்டு நின்றுபோகும் அழைப்பு வேறு ரகம். எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஆயிரக்கணக்கான பேருக்கு மிஸ்டு கால் கொடுக்க அவர்களுக்குக் கிட்டத்தட்ட செலவே இல்லை. யாரோ என்று நாம் திருப்பி அழைத்தால் ஐ.எஸ்.டி. கட்டணம் ஓடும். மறுமுனையில் பாட்டோ, ‘காத்திருங்கள்’ என்ற பதிவோ ஒலித்து நிமிடங்களை இழுக்கும்; அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். அன்லிமிடெட் பேக்கில் ஐ.எஸ்.டி. அடங்காது. +1 என்று பார்த்து அமெரிக்கா என்று நினைக்க வேண்டாம்: அடுத்து 473 வந்தால் கிரெனடா, 876 வந்தால் ஜமைக்கா. வீட்டில் யாரும் வெளிநாட்டுக்கு அழைப்பதில்லை என்றால் *331*0000# போட்டு அழைப்புப் பட்டனை அழுத்தினால் வெளிநாட்டுக்குப் போகும் அழைப்புகள் அடைபடும். #331*0000# போட்டால் திறக்கும். எல்லா நெட்வொர்க்கிலும் இது வேலை செய்வதில்லை. அப்போது வாடிக்கையாளர் சேவையில் சொல்லி ஐ.எஸ்.டி.யை நிறுத்தச் சொல்லலாம்.

வெறுமனே அழைப்பை எடுத்ததாலேயே பேங்கில் பணம் போய்விடாது. #90 அழுத்தினால் சிம் நகலெடுக்கப்படும் என்று வருடக்கணக்காகச் சுற்றிவரும் ஃபார்வர்டு வெறும் புரளி. ஆனால் ‘உங்கள் எண் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்’ என்ற பதிவுக்கு 9 அழுத்தினால், இந்த எண்ணில் ஓர் ஆள் இருக்கிறார், சொன்னதைச் செய்கிறார் என்று எதிரே இருக்கும் இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். பேச ஆள் வரும். எடுத்ததும் மௌனமாக இருந்து துண்டிக்கும் அழைப்பும் பெரும்பாலும் இயந்திரத்தின் வேலைதான். ஒரே நேரத்தில் பல எண்களை அழைக்கிறது. நாம் எடுத்த நொடியில் அந்தப் பக்கம் ஆள் ஒழியவில்லை.

ஒவ்வொரு எண்ணாக பிளாக் செய்வதில் பெரிய பலன் இல்லை; அடுத்த முறை வேறு எண் வரும். சில போன்களில் முன்னொட்டு வைத்து மறிக்கும் வசதி இருக்கிறது. அங்கே பிளஸ் குறியோடு +92, +84 என்று போட வேண்டும். வெறும் 92 என்று போட்டால் 92-இல் ஆரம்பிக்கும் உள்ளூர் மொபைல் எண்களும் அடிபடக்கூடும். 9443 என்று ஆரம்பிக்கும் நம் பக்கத்து பி.எஸ்.என்.எல். எண்ணை இலங்கை என்று நினைத்துப் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆண்ட்ராய்டில் ‘அன்னோன்’ என்பதை மறித்துவிட்டு, இன்னும் வருகிறதே என்று குழம்புவதும் வழக்கம். பல போன்களில் அது எண்ணே காட்டாத அழைப்பை மட்டும் தடுக்கும். ஐபோனில் தெரியாத எண்களை மௌனமாக்கினால் கேஸ் சிலிண்டர்காரரும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து மௌனமாவார்கள். 1909-இல் பதிந்த டி.என்.டி. (விளம்பர அழைப்பு வேண்டாம் என்ற பதிவு) இதற்கு உதவாது; அது இந்தியாவில் பதிவுசெய்த விளம்பர நிறுவனங்களைக் கட்டுப்படுத்த வந்தது.

வாட்ஸ்அப் அழைப்பு இந்த வாசல்கள் எதையும் தொடாமல் இணையத்திலேயே வந்துவிடுகிறது. தொலைத்தொடர்புத் துறையின் தடுப்பு அதைப் பார்ப்பதே இல்லை. +62 (இந்தோனேசியா), +254 (கென்யா) எண்ணில் ஒரே ஒரு ஓ.டி.பி. வாங்கினால் கணக்கு தயார். இங்கே மருந்து நம் கையில்தான்: செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் போய் ‘சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்’ என்பதை இயக்க வேண்டும். மணி அடிக்காது, ஆனால் அழைப்புப் பட்டியலில் இருக்கும். பிள்ளைகளின் எண்ணை முதலில் நாட்டுக் குறியீட்டோடு சேமித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழிதான் கள்ளத்தனமானது: சிம் பாக்ஸ். பல சிம்களைச் செருகிய ஒரு பெட்டி, இணையத்தில் வரும் வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் எண்ணிலிருந்து போவது போல மாற்றிவிடுகிறது. காரணம் காசு. முறையான வழியில் வரும் வெளிநாட்டு அழைப்புக்கு 2020 மே முதல் நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா வரை இங்குள்ள நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். உள்நாட்டு அழைப்புக்கு 2021 ஜனவரி முதல் அது பூஜ்யம். சவூதியிலிருந்து மகன் பேசும்போது முன்பின் தெரியாத இந்திய எண் தெரிந்தால், அவர் பயன்படுத்தும் மலிவு ஆப் இப்படியொரு பெட்டி வழியாகப் போகக்கூடும். அந்தப் பெட்டிகளுக்கு வேண்டிய சிம்கள் மற்றவர்கள் பெயரில் வாங்கப்படுகின்றன. சாலையோரக் குடைக்கடையில் ‘ரேகை சரியாகப் பதியவில்லை’ என்று இரண்டாம் முறை விரல் வைக்கச் சொன்னால், அந்த ரேகையில் இன்னொரு சிம் எடுத்திருக்கலாம்; நம் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து +91 எண்ணிலோ எண் இல்லாமலோ வந்த அழைப்பை 1963 அல்லது 1800110420-இல் சொல்லலாம். மோசடி என்று சந்தேகப்படும் மற்ற அழைப்புகளுக்கு சஞ்சார் சாத்தியில் ‘சக்ஷு’ என்ற புகார்ப் பகுதி இருக்கிறது. பணமே போய்விட்டால் இவை எதுவும் அல்ல, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் மீளும். பேசும்போது பரிவர்த்தனை எண், தொகை, பணம் போன நேரம், பேங்க் பெயர் நான்கும் கையில் இருக்கட்டும்.